திங்கட்கிழமை வரும் மாலிப்டினம்

பெரியம்மாவுக்கு எலும்பு ஸ்கேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்தவர். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அன்னவாசலில் விடியற்காலைப் பேருந்து பிடித்து, இலுப்பூர், விராலிமலை வழியாகத் திருச்சி வந்து சேர்ந்தோம். திங்கட்கிழமையாகப் பார்த்து வரச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்பது உள்ளே போன பிறகுதான் விளங்கியது.

மருந்து தயாரிக்கும் அறையைப் பார்க்க முன்பே கேட்டிருந்தேன். பொறுப்பாளர் என் சட்டையில் ஒரு டோசிமீட்டரை மாட்டிவிட்டு வாசல்வரை அனுமதித்தார். மேஜைமேல் ஈயக் கற்களுக்கு நடுவே, திங்கட்கிழமைதோறும் புதிதாக வரும் ஜெனரேட்டர் இருந்தது. மின்சாரம் தருவதல்ல இது. உள்ளே ஒரு சிறு குழாய், அதில் அலுமினாத் தூள், தூளைப் பற்றிக்கொண்டு மாலிப்டினம்-99. மேலே துருத்திய ஓர் ஊசியில் உப்புநீர்க் குப்பியைக் குத்தினார். மற்றதில், ஈய உறைக்குள் இருந்த, காற்று நீக்கிய வெற்றுக் குப்பியை. வெற்றிடம் உப்புநீரை இழுக்க, அது குழாய் வழியே இறங்கி, மாலிப்டினம் சிதைந்து பிறந்த டெக்னீசியத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்தது. மாலிப்டினம் அலுமினாவை விட்டு நகராது. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. குப்பியில் இருந்தது பார்வைக்கு வெறும் தண்ணீர்தான். மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் படபடவென்று சத்தம் போட்டது.

"இது 6 மணி நேரத்துல பாதி ஆயிடும் சார். பெட்டிக்குள்ள இருக்கறது 66 மணி நேரத்துல பாதி. அடுத்த திங்கக்கிழமை ஏறக்குறைய ஆறுல ஒரு பங்குதான் தேறும்."

வாங்கி அடுக்கி வைக்க முடியாத மருந்து. உலகெங்கும் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஐந்தில் நான்கு இந்த டெக்னீசியத்தை நம்பித்தான் நடக்கின்றன. மூலமான மாலிப்டினமோ விரல்விட்டு எண்ணக்கூடிய சில பழைய அணு உலைகளில் பிறக்கிறது. 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலையில் கனநீர் கசிந்து, ஓராண்டுக்கும் மேல் அதை மூட வேண்டியதாயிற்று. 2010-இல் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்காகச் சில மாதங்கள் நின்றது. பல நாடுகளில் நோயாளிகளின் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

பெரியம்மாவுக்கு ஊசி போட்டாயிற்று. "நிறைய தண்ணி குடிங்கம்மா, மூணு மணி நேரம் கழிச்சுதான் படம்" என்றார் செவிலியர். அந்த மூன்று மணி நேரமும் பொறுப்பாளரோடு பேச்சு, மாலிப்டினம் உண்டாக்கத் தேவையான நியூட்ரானை உலையே இல்லாமல் பெறும் வழியைப் பற்றி.

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 'பிரம்மா' என்றொரு அமைப்பு இருக்கிறது. இயற்கை யுரேனியக் கோல்களைப் பாலிஎத்திலீனுக்குள் செருகி, சுற்றிலும் பெரிலியம் ஆக்ஸைடு வைத்திருக்கிறார்கள். தொடர்வினை அதில் தானாக ஓடாது. 100 நியூட்ரான் விட்டால் அடுத்த தலைமுறையில் 89, அதற்கடுத்து 79, பிறகு 70 என்று தேய்ந்து அடங்கிவிடும். ஆனால் அடங்குவதற்குள் கூட்டிப் பார்த்தால் 100 என்பது ஏறக்குறைய 900 ஆகியிருக்கும். அந்த முதல் நியூட்ரான்களை நடுவில் உள்ள முடுக்கி தருகிறது: டியூட்டீரியத்தை வேகமாகச் செலுத்தி டிரிட்டியத்தில் மோதவிடுவது. முடுக்கியை அணைத்தால் வினை அப்போதே அடங்கும். எரிபொருளில் ஏற்கெனவே சேர்ந்த கதிரியக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் வினை கைமீறிப் போவதற்கு வழியில்லை. மருத்துவத்துக்கான நியூட்ரான் மூலத்துக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை என்பது என் எண்ணம்.

பிரம்மா ஆராய்ச்சிக்கானது, மாலிப்டினம் எடுக்கும் அளவுக்கு அதில் நியூட்ரான் கிடையாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஷைன் நிறுவனம் அதற்கென்றே ஓர் ஆலை அமைப்பதில் இறங்கியிருக்கிறது. அங்கே யுரேனியம் கோலாக இல்லை, கரைசலாக இருக்கும். யுரேனியம்-235 பிளக்கும் 100 தடவையில் சுமார் 6 தடவை மாலிப்டினம்-99 கிடைக்கும். அதை ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பொழுது வீணாகாமல் பிரித்தெடுக்க வேண்டும். முடுக்கி கட்டுவதைப் போலவே கடினமான வேலை அது.

அந்தக் கைப்பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்குள் யிட்ரியம் ஆக்ஸைடை வைத்து, எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலியைக் குறைக்கும் ஸ்ட்ரான்சியம்-89-ஐ அங்குள்ளவர்கள் பிரித்தெடுத்திருக்கிறார்கள். முடுக்கியோடு கூடிய அமைப்பொன்று அங்கே வர வேண்டும். காலையில் அங்கிருந்து வண்டியில் ஏற்றினால் அன்று மாலைக்குள் திருச்சிக்கு வந்துவிடும். எங்கள் பக்கத்து ஆட்கள் திங்கட்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம்.