முதலில் பழைய கணக்கு

கடன் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் கொண்டுவருவது ஒரே கேள்வியைத்தான்: சிபில் ஸ்கோரை எப்படி ஏற்றுவது, எத்தனை மாதத்தில் ஏறும்? 300-க்கும் 900-க்கும் நடுவில் நிற்கும் அந்த எண்ணே தங்கள் தகுதி என்று நம்பிவிட்டதால் வரும் கேள்வி இது. என் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது வேறு. அந்த எண் ஒரு விளைவு மட்டுமே. அதை நேராகத் தொட யாராலும் முடியாது. நம் கைக்கு எட்டுவது கடன் அறிக்கைக்குள் வரிவரியாகக் கிடக்கும் பழைய கணக்குகள். அவற்றில் எதை முதலில் கட்டுகிறோம், எதை எப்படி முடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே கடன் மதிப்பு மீள்கிறது. பழையது முடியாமல் புதுக்கடன் வாங்கி ஸ்கோரை ஏற்றப் பார்ப்பவர்கள் இன்னும் ஒரு தவணையைத்தான் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆகவே வேலை அறிக்கையைப் படிப்பதில் தொடங்குகிறது. இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தரவேண்டும். நான்கையும் வாங்கிப் பாருங்கள். ஒன்றில் இல்லாத கணக்கு இன்னொன்றில் இருக்கலாம். மகளிர் குழுக் கடன், பெட்டிக்கடை அளவிலான சிறுகடன்களை சிபிலில் மட்டும் தேடிவிட்டு நிம்மதியடைய முடியாது. சிபில் அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் கடைசி 36 மாதங்கள் வரைக்குமான சின்னக் கட்டங்கள் இருக்கும். 000 என்றிருந்தால் நிலுவை இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். மூன்று எக்ஸ் இருந்தால் வங்கி அந்த மாதத் தகவலைத் தரவில்லை. எண் 90-ஐத் தாண்டிவிட்டால் கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது. கடன் கொடுப்பவர் ஸ்கோரைப் பார்த்த கையோடு இந்தக் கட்டங்களுக்குத்தான் வருவார். மூன்று வருடத்துக்கு முன்னால் வேலை போன சமயத்தில் விழுந்த 090, அதன்பின் வரிசையாக 000 இருந்தால், விளக்கிச் சொல்லக்கூடிய ஒன்று. போன மாதத்து 030-க்கு விளக்கம் சொல்வது கஷ்டம். இரண்டு பேருக்கும் ஸ்கோர் ஒன்றாகவே இருந்தாலும் இந்த வித்தியாசம் நிற்கும்.

அறிக்கையில் தவறுகளும் இருக்கும், நம் ஊரில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், வங்கிக் கணக்கில் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். அதே பெயரும் அதே இனிஷியலும் கொண்ட இன்னொருவரின் கடன் உங்கள் அறிக்கையில் வந்து உட்கார இது போதும். அடைத்து முடித்த கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டுவதும், என்றோ யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து இப்போது தலைதூக்குவதும் அடிக்கடி நடப்பவை. தவறு என்று புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அதற்கும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ‘சிபிலைச் சரிசெய்து தருகிறோம்’ என்று விளம்பரம் செய்பவர்களால் இதற்குமேல் எதுவும் செய்ய முடியாது. தவறான பதிவை நீங்களே நீக்க வைக்கலாம்; உண்மையான பதிவை யாராலும் நீக்க முடியாது.

உண்மையான பழைய பாக்கியில்தான் பெரிய முடிவு காத்திருக்கிறது: முழுசாகக் கட்டி முடிப்பதா, பேசிக் குறைத்து செட்டில்மென்ட் செய்வதா? ஒரு லட்சம் ரூபாய் பாக்கியை அறுபதாயிரத்துக்கு முடித்துத் தருகிறோம் என்று போன் வந்தால் நாற்பதாயிரம் மிச்சம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் கணக்கு ‘முடிந்தது’ என்று பதிவாகாது, ‘செட்டில்டு’ என்றே பதிவாகும். கடன் கொடுத்தவருக்கு நஷ்டம் என்பதே அதைப் படிப்பவர் எடுத்துக்கொள்ளும் பொருள். சமரசம் செய்த நிறுவனம், விவசாயக் கடன் அல்லாதவற்றில், குறைந்தது 12 மாதம் அதே ஆளுக்குப் புதுக்கடன் தரக்கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்திருக்கிறது. மற்ற வங்கிகள் மறுக்கலாம், கொடுத்தாலும் வட்டியைக் கூட்டலாம். 25 லட்ச ரூபாய் வீட்டுக்கடனை 20 வருடத்துக்கு 9 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 22,490 ரூபாய். 10 சதவீதம் என்றால் சுமார் 24,130. ஒரே ஒரு சதவீதம், மொத்தத்தில் மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரம் கூடுதல். நாற்பதாயிரம் மிச்சம் பிடித்ததன் விலை அது.

இதற்கு வரும் எதிர்வாதம் வலுவானது. வாங்கியது முப்பதாயிரம், வட்டியும் அபராதமும் சேர்ந்துதானே ஒரு லட்சம் ஆயிற்று, அதை எதற்கு முழுசாகக் கட்டவேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கோபம் அது. முதலைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதைவிட அபராதத்தையும் தாமதக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பேசுங்கள் என்பேன். அப்படிப் பேசும்போதே, கணக்கை ‘முடிந்தது’ என்று பதிவு செய்வோம் என எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை செல்லாது; பணம் கட்டுமுன் கடிதமும், கட்டியபின் பாக்கி இல்லை என்ற சான்றும் கையில் இருக்க வேண்டும். அதே சமயம், வருமானமே நின்றுபோன குடும்பம், மருத்துவச் செலவில் மூழ்கிய குடும்பம் செட்டில்மென்ட்டைத் தயங்காமல் ஏற்கலாம். அடுத்த ஐந்து வருடத்தில் வீட்டுக்கடன் கேட்கப்போவதில்லை என்பவருக்கு ‘செட்டில்டு’ என்ற அந்தப் பதிவு பெரிய இழப்பில்லை. பின்னால் கை நிமிர்ந்ததும் விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டிப் பதிவை மாற்றித்தரச் சொல்லலாம்; சில வங்கிகள் சம்மதிக்கும்.

பல பாக்கி இருப்பவர்கள் அதிகமாகப் போன் அடிப்பவருக்கு முதலில் கட்டுகிறார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் இந்த வரிசை தவறு. வங்கி ஏற்கெனவே நஷ்டமாக எழுதித்தள்ளிய, அதாவது ரைட் ஆஃப் ஆன கணக்கு இன்னும் ஆறு மாதம் காத்திருந்தால் பெரிதாகக் கெட்டுவிடாது. இன்று உயிரோடு இருக்கும் தவணை 90 நாளைத் தாண்டினால் புதிதாக ஒரு வாராக்கடன் பிறக்கிறது. ஓடுகிற தவணைகளைக் காப்பாற்றுவது முதல் வேலை. வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்று விதி இருக்கிறது. அதைச் சொல்லிப் பேச்சை நிறுத்தலாம். அடுத்தது கிரெடிட் கார்டு. ஒரு லட்சம் பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4,130 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5,000 என்று வைத்துக்கொண்டால் அசலில் குறைவது 870 ரூபாய். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து இதை அடைப்பதை நான் ஆதரிக்கிறேன். பத்து சதவீதத்தை ஒட்டிய வட்டி எங்கே, நாற்பதைத் தாண்டிய வட்டி எங்கே. அம்மாவின் நகையை அடகு வைப்பதா என்ற தயக்கத்தை நான் மதிக்கிறேன். கார்டைத் தொடர்ந்து தேய்ப்பவர் என்றால் அந்தத் தயக்கமே சரி: நகையும் ஏலத்துக்குப் போகும், கார்டும் நிரம்பும்.

இவ்வளவும் எதற்கு, சீட்டு இருக்கிறது, பைனான்ஸ் இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. சீட்டை எத்தனை வருடம் ஒழுங்காகக் கட்டினாலும் பொதுவாக அது கடன் அறிக்கையில் ஏறுவதில்லை. அந்த நாணயம் ஊருக்குள் மட்டும் செல்லும். பைனான்ஸில் நூற்றுக்கு மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். கடன் அறிக்கையைப் பார்ப்பது வேலைக்கு எடுப்பதிலும் வந்துவிட்டது: கடன் பதிவு மோசமாக இருந்ததால் ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கஷ்டத்தில் விழுந்தவரின் பிழைப்பையும் அடைக்கிற இந்தப் போக்கு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இருக்கிற உலகத்தில்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பழைய கணக்குகள் முடிந்தபின், எஃப்.டி.-யின் பேரில் ஒரே ஒரு கார்டு வாங்கி, வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் செலவழித்து, பில்லை முழுசாகக் கட்டி வந்தால் போதும். 2025 ஜனவரியிலிருந்து தகவல்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது போகின்றன; நல்லதும் கெட்டதும் முன்பைவிடச் சீக்கிரம் தெரியும். நாலு வங்கியில் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள், ஒவ்வொரு விசாரணையும் பதிவாகும். பெரிய கடனுக்குப் போகுமுன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். வரப்போகும் தவணை 22,500 என்றால், இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்து மீதியை ஆறு மாதம் ஆர்.டி.-யில் போடுங்கள். வாடகை 9,000 என்றால் மாதம் 13,500. ஸ்கோர் 780 இருந்தாலும் இதில் இரண்டு மாதம் தவறினால் வீட்டை ஒரு வருடம் தள்ளிவையுங்கள். தவறாமல் போட்டு முடித்தால் எண்பத்தோராயிரம் ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில் வங்கி தருவது அதிகபட்சம் வீட்டு மதிப்பில் 90 சதவீதம்தான். மீதியில் போடுவதற்கு அந்தப் பணம் உதவும்.