மேல்வீட்டில் மீன்தொட்டி

மேல்வீட்டில் பெரிய மீன்தொட்டி வைக்கலாமா என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் கேட்பது கீழ்வீட்டுச் சாவியை. மேலே நின்று தரையைப் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. டைல்ஸ் எதையும் காட்டிக்கொடுக்காது.

குயிலாப்பாளையம் மெயின் ரோட்டில் கீழே கடை, மேலே ஆரோவில்லுக்கு வந்து தங்குபவர்களுக்கு வாடகை வீடு என்று கட்டிய கட்டடங்கள் இருக்கின்றன. கடை விசாலமாக இருக்க வேண்டும் என்று கீழே குறுக்குச் சுவர் விடமாட்டார்கள். மேலே அறை பிரிக்க நாலரை அங்குலச் சுவர் எழுப்புவார்கள். குடியிருப்பவர், "சுவரோரமாத்தான் சார் வைக்கிறேன்" என்பார். அந்தச் சுவரே ரூஃபின் மேல் உட்கார்ந்திருக்கும் பாரம். அதற்கு நேர் கீழே சுவரோ பீமோ இருந்தால்தான் அது துணை.

கணக்கைப் பார்ப்போம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி 24 கன அடி. தளும்ப நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி 120 கிலோவாவது வரும். மணல், கல், ஸ்டாண்டு சேர்த்தால் 900 கிலோவைத் தாண்டும். நம் ஐ.எஸ். 875 விதி குடியிருப்பு அறைக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. தொட்டி நிற்கும் 12 சதுர அடியில் விழுவது அதைப் போல நான்கு மடங்கு. இதைச் சொன்னதும் பலருக்கு முகம் தொங்கிவிடும். ஆனால் 10-க்கு 12 அறை முழுவதற்குமாகப் பார்த்தால் அதே விதிப்படி 2,200 கிலோ வருகிறது. மொத்த எடையில் சிக்கல் இல்லை. அது எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம்.

ரூஃபில் மெயின் கம்பி குறுகிய பக்கமாக, 10 அடிக்கு ஓடும். அந்த 10 அடிக்கு நடுவே தொட்டியை வைத்தால், அதே எடையைப் பரப்பி வைத்தால் வரும் வளைவைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். கீழே துணை உள்ள 12 அடிச் சுவரை ஒட்டி நீளவாக்கில் வைத்தால், நடுவில் வைத்ததில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். கம்பியும் காங்கிரீட்டும் அதேதான். ஸ்டாண்டை நாலடி நகர்த்தியதில் வந்த வித்தியாசம்.

இது நம் மேஸ்திரிகளுக்குப் புதிதல்ல. மொட்டைமாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸை யாரும் நட்ட நடுவில் வைப்பதில்லை. படிக்கட்டு அறைக்கு மேலே, கீழே சுவர் வரும் இடம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். ஒரு டன் தண்ணீர் தலைக்கு மேல் இருப்பதை நினைத்து யாரும் தூக்கம் கெடுவதில்லை. மீன்தொட்டி என்றதும்தான் பெர்லின் ஓட்டல் வீடியோவைக் காட்டுவார்கள். 2022 டிசம்பரில் அங்கே உடைந்தது தொட்டி, தளம் அல்ல.

கீழே போனதும் அண்ணாந்து பார்ப்பேன். இங்கே உப்புக்காற்று உண்டு. கம்பி போகிற வழியே பழுப்புக் கோடு தெரிந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். நல்ல காங்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். கம்பி துருவேறி உப்பி, காரை விட்டுப்போன இடம் பொத்தென்று கேட்கும். அப்படிக் கேட்டால் அன்றைக்குக் கணக்குப் போடுவதில்லை. தொட்டி கிடையாது, முதலில் ரூஃப் வேலை.

ஆரோவில் பக்கத்து மண்கல் வீடு என்றால் சிலருக்கு இன்னும் பயம். அழுத்திய மண்கல் சுவரிலேயே நான்கு தளம் தாங்கும் விகாஸ் குடியிருப்பு அங்கே நிற்கிறது. சுவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மேல்தளம் கமான் கூரை மேல் நிற்கிறதென்றால் மட்டும் யோசிப்பேன். ஒரு பக்கமாக ஏறும் பாரம் கமானுக்கு ஆகாது. தேக்குக் கட்டைகள் தாங்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் தொட்டியின் நீளம் அந்தக் கட்டைகளுக்குக் குறுக்கே வர வேண்டும். நாலைந்து கட்டைகள் பங்குபோட்டுக்கொள்ளும். பால்கனியில் வேண்டாம், அங்கே கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும், காங்கிரீட் போடும்போது மிதித்து அது இறங்கியிருந்தால் வெளியே தெரியாது.

எல்லாம் சரி என்றான பிறகு ரசமட்டம் வைத்து ஸ்டாண்டை நிறுத்தி, காலுக்குக் கீழே நீளப் பலகை கொடுத்து, பாதி நிரப்பச் சொல்வேன். கீழே கடை சீலிங்கில் நூல் கட்டி, நூலுக்கும் சீலிங்குக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவைப்பேன். இரண்டு நாள் கழித்து அளந்து, மாற்றம் இல்லையென்றால் மீதித் தண்ணீர். மீன் அதற்கும் பிறகு.