தை அமாவாசை கழிஞ்சு நாலு நாள்

போன தடவை நடவு முடிஞ்ச கதைய எழுதியிருந்தேன். இந்தத் தடவை வயலைப் பத்தி இல்ல. நானும் வீட்டுக்காரியும் நாலு நாள் ஓய்வுக்குன்னு வெளியூர் போகப்போறோம். கல்யாணம் ஆகி இருபத்தொம்பது வருஷம் ஆச்சு. கோயில் கொடை, கல்யாணம், துட்டி, ஆஸ்பத்திரி, இந்த நாலுக்கும் இல்லாம ரெண்டு பேரும் ஒண்ணா ஊரை விட்டு ராத் தங்கினதே கிடையாது. அதனால இதுக்குத் திட்டம் போடுறதே எங்களுக்குப் பெரிய வேலையாப் போச்சு. அதைத்தான் எழுதுதேன்.

ஆரம்பிச்சு வச்சது மகன். கோயம்புத்தூர்ல கம்பெனி வேலையில இருக்கான். கார்த்திகை மாசம் போன்ல, "யப்பா, அம்மாவுக்கு முட்டிவலி ரொம்ப இருக்குன்னு தங்கச்சி சொல்லுதா. கேரளாவுல ஸ்பா இருக்கு. எண்ணெய் தேச்சு, நீராவி பிடிச்சு, பத்தியச் சாப்பாடு போட்டு நல்லாப் பாத்துக்கிடுவாங்க. நாலு நாள் புக் பண்ணட்டுமா?"ன்னு கேட்டான்.

ஸ்பான்னா என்னலேன்னு கேட்டேன். அது பெல்ஜியம் நாட்டுல ஒரு ஊரோட பேராம். அங்க ஊத்துத் தண்ணியில குளிச்சா நோய் தீரும்னு சனங்க போயிப் போயி, கடைசியில குளிச்சு உடம்பைத் தேத்துற இடத்துக்கெல்லாம் அந்த ஊர்ப்பேரே நின்னுட்டாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நம்ம குற்றாலத்தையும் தென்னிந்தியாவின் ஸ்பான்னுதான போர்டுல எழுதி வச்சிருக்காங்க. சின்ன வயசுல இருந்து பாக்கேன், அது ஒரு ஊர்ப்பேருன்னு இப்பத்தான் தெரியுது.

ரேட்டு எவ்வளவுன்னு கேட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சொன்னான். ரெண்டு ஆளு நாலு நாளுக்குக் கணக்குப் போட்டா, எங்க ஒன்றரை ஏக்கர்ல ஒரு பூவுக்கு உழவு, உரம், நடவுக்கூலி எல்லாம் போக நிக்கிற காசைத் தாண்டுது. "நான் குடுக்கேன்ப்பா"ன்னான். அவனுக்கே வீட்டு லோன் ஓடுது. யோசிச்சுச் சொல்லுதேன்னு வச்சுட்டேன்.

ஆனா அவன் கேட்ட கேள்வி மனசுல கிடந்து உறுத்திச்சு. வீட்டுக்காரிக்கு முட்டிவலின்னு எனக்குத் தெரியும். ராத்திரி தைலம் தேய்ப்பா, காலையில எந்திரிக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிப்பா. வயசாகுதுல்லன்னு நினைச்சுக்கிட்டேன். அவளுக்கு அம்பத்தொண்ணு. பதினெட்டு வயசுல இருந்து நடவு, களையெடுப்புன்னு குனிஞ்ச உடம்பு. எந்த வீட்டுல பொம்பளையாளுக்கு முட்டிவலி இல்ல, அப்படின்னு விட்டுட்டேன்.

மகன் பேசின மறுவாரம் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1964ல ஆரம்பிச்ச அரசு கல்லூரி அது. எங்க அய்யா காலத்துல இருந்து வாதம், மூட்டுவலின்னா எங்க பக்கம் அங்கதான் போவாவ. சித்த வைத்தியத்துல வெளிப்பிரயோகம் முப்பத்திரண்டு வகை இருக்காம். அதுல ஒண்ணு தொக்கணம், அதாவது எண்ணெய் போட்டுப் பிடிச்சு விடுறது. தட்டல், அழுத்தல், பிடித்தல், இழுத்தல்னு அதுலயே ஒம்பது வகை. இன்னைக்கு ஸ்பான்னு ஆயிரக்கணக்குல வாங்குறது நம்ம ஊர்ல பழைய பாடமா இருக்கு.

டாக்டரம்மா சின்ன வயசு. முட்டிய மடக்கி நீட்டிப் பாத்துட்டு, "எவ்வளவு நாளா வலி?"ன்னு கேட்டாங்க.

ரொம்ப வருஷமா இருக்குன்னு நான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள இவ, "ரெண்டு வருஷம். வெள்ளம் வந்த ராத்திரியில இருந்து"ன்னா.

நான் திரும்பிப் பாத்தேன்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. எங்க மாவட்டத்துலயும் தூத்துக்குடியிலயும் யாரும் மறக்க மாட்டாவ. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு பேப்பர்ல வந்துச்சு. தாமிரபரணி கரைபுரண்டு ஓடுச்சு. அன்னைக்கு ராத்திரி நான் வயல்ல இருந்தேன். நட்டு இருபது நாள் ஆன பயிரு. வடிகால் பக்கம் வரப்பை வெட்டிவிட்டா தண்ணி வடியும்னு மம்பட்டிய எடுத்துக்கிட்டுப் போனவன், ஓடையில தண்ணி ஏறி இந்தப் பக்கம் வர முடியாம மோட்டார் ரூம்லயே நின்னுட்டேன். வீட்டுல அவ தனியா. தொழுவத்துல முழங்கால் தண்ணி. பசுவையும் கன்னுக்குட்டியையும் அவுத்து அம்மன் கோயில் மண்டபத்துக்கு ஓட்டிட்டுப் போயிருக்கா. அது எனக்குத் தெரியும். அம்மன் கோயில் போற வழியில ஓடைப்பாலத்துக்கிட்ட வழுக்கி, கல்லுல முட்டி அடிபட விழுந்ததும், கன்னுக்குட்டி கயித்தை விடாம அப்படியே கெடந்து எந்திரிச்சதும் எனக்குத் தெரியாது. டாக்டரம்மா கிட்டச் சொல்லும்போதுதான் நான் கேக்கேன்.

வெளிய வந்து, "ஏன்ட்டி என்கிட்டச் சொல்லல?"ன்னு கேட்டேன்.

"நீங்க காலையில வந்ததும் பசு பிழைச்சுட்டான்னு கேட்டீங்க. பிழைச்சுட்டுன்னு சொன்னேன். பெறவு பயிரு போச்சேன்னு வரப்புல உக்காந்துட்டீங்க. நான் என் முட்டியைக் காட்டவா?"ன்னா. கோவமா எல்லாம் சொல்லல. கடையில சீனி என்ன விலைன்னு சொல்லுத மாதிரி சொன்னா. பஸ்ல வரும்போது நான் ஒண்ணும் பேசல.

அன்னைக்கு முடிவு பண்ணினேன், எப்படியும் இவளை நாலு நாள் எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கணும்னு. எங்கன்னுதான் கேள்வி.

பக்கத்து வயல்காரர், "அண்ணாச்சி, குற்றாலம் போங்க, எண்ணெய் தேச்சு அருவியில நின்னா வலி ஓடிப்போகும்"னாரு. அவரு சொன்னது அந்தக் காலத்துக் குற்றாலம். நானும் ஆனி, ஆடிச் சாரல்ல போயி எண்ணெய் வழிய நின்னவன்தான். இப்ப அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் போடக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு. நல்லதுதான், அந்தத் தண்ணி கீழ வயலுக்குத்தான போகுது. அதோட கார்த்திகை பிறந்ததுல இருந்து மகரவிளக்கு வரைக்கும் ஐயப்பமாரு கூட்டம். மழை பிடிச்சா எந்த நேரம் தண்ணி ஏறும்னு சொல்ல முடியாது, குளிக்கத் தடை போட்டுருவாங்க. மாசிக்கு மேல போனா பேரருவியில தண்ணி நூலாயிரும். எல்லாத்துக்கும் மேல, முட்டி சரியில்லாத ஆளை வழுக்குப் பாறையில நிப்பாட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.

அப்ப பாளையங்கோட்டையில எங்க அக்கா வீட்டுல தங்கி, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம்னு சொன்னேன். செலவும் கம்மி. வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பாத்தா.

"மதினி வீட்டுக்குப் போனா அது ஓய்வா? அங்கயும் நான்தான் அடுப்படியில நிக்கணும். மதினி உக்காருன்னுதான் சொல்லுவாவ, நான் உக்கார முடியுமா?"

அப்ப உனக்கு என்னதான் வேணும்னு கேட்டேன். இருபத்தொம்பது வருஷத்துல இந்தக் கேள்விய இப்பத்தான் ஒழுங்காக் கேட்டிருக்கேன் போல. கொஞ்ச நேரம் யோசிச்சா.

"எனக்கு ஸ்பாவும் வேண்டாம், அருவியும் வேண்டாம். காலையில நாலு மணிக்கு எந்திரிக்கக் கூடாது. அடுத்த வேளைக்கு என்ன வைக்கன்னு யோசிக்கக் கூடாது. நாலு நாள் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. ஆத்துப் பக்கமா இருந்தா நல்லது. அந்த ராத்திரிக்குப் பெறவு ஆத்தைப் பாத்தாலே எனக்குப் பயமாத்தான் இருக்கு. கொஞ்ச நேரம் சும்மா உக்காந்து பாக்கணும்."

கடைசியில சொன்னதைக் கேட்டுத்தான் பாபநாசம்னு முடிவாச்சு. பஸ்சுல போற தூரந்தான். பாபநாசநாதர் கோயிலுக்கு எதிர்த்தாப்புல படித்துறை. மலைய விட்டு இறங்கின தண்ணி, நம்ம வாய்க்காலுக்கெல்லாம் பிரியறதுக்கு முந்தி அங்க ஓடுது. படியில உக்காந்து பொரி போட்டா மீன் கூட்டம் கூட்டமா வரும். அகஸ்தியர் அருவி மேல கொஞ்ச தூரம். அணைக்கட்டுத் தண்ணி கரண்டு எடுத்துட்டு வாரதால அதுல வருஷம் பூரா தண்ணி உண்டு. இவளுக்குக் குளிக்க வேண்டாம், கம்பியப் பிடிச்சு ஓரமா நின்னு சாரல் பட்டாப் போதும்.

நாள் பாக்குறதுதான் அடுத்த பாடு. மார்கழி ஆகாது. மழை மிச்சம் இருக்கு, பனியில எண்ணெய் தேச்சாச் சளி பிடிக்கும். பொங்கலை ஒட்டிப் போனா காணும் பொங்கல் கூட்டம். அதுக்குப் பின்னாலேயே தை அமாவாசை, தர்ப்பணம் குடுக்க பாபநாசத்துல கால் வைக்க எடம் இருக்காது. சனி, ஞாயிறுன்னா கார் வரிசை. அதனால தை அமாவாசை கழிஞ்சு, திங்கள் போயி வியாழன் ராத்திரி தங்கி வெள்ளி திரும்புற மாதிரி வச்சிருக்கோம்.

வயலுக்கும் அந்த நாள்தான் தோது. பிசானத்துக்கு அம்பை 16 போட்டிருக்கேன், கார்த்திகை முதல் வாரம் நட்டது. ரெண்டாம் களை, மேலுரம் எல்லாம் அதுக்குள்ள முடிஞ்சிரும். தை பாதியில பயிரு பூவெடுக்கும். பூக்குற நேரம் வயலுக்குள்ள ஆளு இறங்கப்படாதுன்னு எங்க அய்யா சொல்லுவாவ. தண்ணி மட்டும் குறையாமப் பாத்தாப் போதும். அதை எங்க தம்பி பாத்துக்கிடுவான். பால் கறக்க தம்பி பெண்டாட்டி. அவ முதல்லயே சொல்லிட்டா, "அக்கா, நீங்க போன் பண்ணி பசு என்ன செய்யுதுன்னு கேட்டா நான் எடுக்க மாட்டேன்".

ரூம் பிடிக்கும்போது ஒரு விசயம் படிச்சேன், உங்களுக்கும் உதவும். முதல்ல வாடகை மட்டுந்தான் கேட்டேன். வீட்டுக்காரி பக்கத்துல இருந்து, "கக்கூஸ் எப்படின்னு கேளுங்க"ன்னா. முட்டி மடக்கிக் குத்தவைக்க முடியாத ஆளுக்கு அதுதான் முதல் கேள்வி. மாடி ரூமா, கீழ் ரூமான்னும் கேக்கணும். வெந்நீர் எந்நேரமும் வருமா, காலையில மட்டுமான்னு கேக்கணும். நாலு இடத்துல கேட்டு அஞ்சாவது இடத்துல கீழ் ரூம், வெஸ்டர்ன் கக்கூஸ், பக்கத்துலயே மெஸ்ஸு கிடைச்சுது. எல்லாம் சேத்து நாலு ராத்திரிக்கு எங்களால முடிஞ்ச துட்டுதான். பஸ் செலவுக்கு மட்டும் மகன் அனுப்பட்டும்னு சொல்லியிருக்கேன். ஒண்ணுமே வேண்டாம்னா அவன் மனசு கஷ்டப்படும்.

எண்ணெய்க்கு டாக்டரம்மா வாத கேசரி தைலம் எழுதிக் குடுத்திருக்காங்க. நொச்சி இலையும் ஆமணக்கு இலையும் வதக்கித் துணியில கட்டி ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க. முட்டி வீங்கிச் சூடா இருக்கிற அன்னைக்கு அழுத்தித் தேய்க்கக் கூடாது. மத்த நாள்ல எப்படித் தேய்க்கணும்னு எனக்குக் காட்டிக் குடுத்தாங்க. முட்டிச் சில்லு மேல அழுத்தம் படக்கூடாது, சுத்தித்தான் தேய்க்கணும், தொடையில இருந்து கீழ இறக்கணும். "நீங்களே தேச்சு விடுவீங்களா, இல்ல ஆள் வேணுமா?"ன்னு கேட்டாங்க. நானே செய்வேன்னுட்டேன். பக்கத்துல இருந்த வீட்டுக்காரி தரையைப் பாத்துச் சிரிச்சா.

போறதுக்கு இன்னும் நாள் இருக்கு, பழகிப் பாப்போம்னு நேத்து சாயந்திரம் வெயில் இருக்கும்போதே திண்ணையில உக்கார வச்சு எண்ணெய் எடுத்தேன். தெருவுல போறவங்க பாப்பாங்கன்னு உள்ள வரச்சொன்னா. பாத்தாப் பாக்கட்டும்னு சொல்லிட்டு, பெறவு நானே வெக்கப்பட்டு உள்ள போயிட்டேன். முதல்ல முட்டிய உத்துப் பாத்தேன். வலது முட்டிக்குக் கீழ விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. ரெண்டு வருஷமா அங்கதான் இருந்திருக்கு.

"மம்பட்டி பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க"ன்னா. கொஞ்சம் மெதுவாத் தேச்சேன். "இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன்.

"கை சொரசொரன்னு இருக்கு. ஆனா பரவாயில்ல, தேய்ங்க"ன்னா.

கால் மணி நேரம் தேச்சிருப்பேன். அதுக்குள்ள தொழுவத்துல பசு கத்திச்சு. எந்திரிக்கப் போனா. நீ இருன்னு சொல்லிட்டு, எண்ணெய்க் கையோட நான் போயி வைக்கோல் அள்ளிப் போட்டுட்டு வந்தேன். வந்து பாத்தா காலை நீட்டிச் சுவத்துல சாஞ்சு அப்படியே தூங்கியிருந்தா. அன்னைக்கு ராத்திரி உலை நான்தான் வச்சேன். சோறு குழைஞ்சுட்டு. ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டா.

போயிட்டு வந்து மிச்சத்தை எழுதுதேன். உங்க வீட்டுலயும் யாராச்சும் கட்டில் சட்டத்தைப் பிடிச்சு எந்திரிச்சா, எத்தனை நாளா வலிக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.