எல்லி ஏன் பேசவில்லை

"பொம்மப் படமா? நீங்க பாருங்க கண்ணு, எனக்கு வேல கெடக்குது" என்றுதான் அம்மா முதலில் சொன்னார்.

2020 மே மாதம். நானும் எட்டு வயது மகளும் சென்னையிலிருந்து இ-பாஸ் வாங்கிக்கொண்டு புதுச்சத்திரத்துக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் எப்போதும் கேட்கும் லாரிச் சத்தம் குறைந்திருந்தது. கோழி தின்றால் கொரோனா வரும் என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிளம்பிய வதந்தியில் அடிவாங்கிய பண்ணைகள் இன்னும் நிமிரவில்லை. அம்மாவின் இரண்டு மாடுகளுக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. காலையிலும் மாலையிலும் பால் பீய்ச்சியாக வேண்டும், தட்டு அறுத்துப் போட்டாக வேண்டும்.

அன்று மாலை வேலை முடிந்து, உரிக்க வேண்டிய கடலைக்காயை முறத்தில் எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளுக்காக நான் மடிக்கணினியில் போட்டிருந்த படம் 'அப்'. பிக்ஸார் நிறுவனத்தின் பத்தாவது முழுநீளப் படம். பீட் டாக்டர் இயக்கி 2009-இல் வந்தது. கான் திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்த முதல் அனிமேஷன் படம் அதுதான். அடுத்த ஆண்டு இரண்டு ஆஸ்கர் வாங்கியது. நான் அதை ஐந்து முறையாவது பார்த்திருப்பேன். ஐந்து முறையும் அழுதிருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தைச் சொல்கிறேன். கார்ல் என்ற கூச்ச சுபாவமுள்ள சிறுவன், எல்லி என்ற வாயாடிச் சிறுமியைச் சந்திக்கிறான். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தென் அமெரிக்காவில் உள்ள ஓர் அருவிக்குப் போகப்போகிறேன் என்கிறாள். தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். அடுத்து, நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, வசனமே இல்லாமல் அவர்களின் மொத்த வாழ்க்கையும் ஓடுகிறது. கல்யாணம். வீட்டைச் சரிசெய்வது. குழந்தை இல்லை என்று தெரியவரும் மருத்துவமனை அறை. அருவிக்குப் போகக் காசு சேர்க்கும் கண்ணாடி ஜாடி. வண்டியின் டயர் போகிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கார்லின் கால் முறிகிறது, உடைக்கிறார்கள். மரம் விழுந்து கூரை போகிறது, உடைக்கிறார்கள். தலை நரைக்கிறது. கார்ல் ஒருவழியாகப் பயணச்சீட்டு வாங்கிவரும் நேரத்தில் எல்லி விழுந்துவிடுகிறாள். பிறகு மருத்துவமனைக் கட்டில். பிறகு பலூனைப் பிடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்குள் போகும் கிழவன்.

மகளுக்கு இந்த இடம் கொஞ்சம் நீளம். வீடு எப்போது பலூன் கட்டிக்கொண்டு பறக்கும் என்று காத்திருந்தாள். நான் வழக்கம்போல மூக்கை உறிஞ்சினேன். அம்மா டயர் வெடிக்கும் இடத்தில் சத்தமாகச் சிரித்தார்.

"அங்கயும் டயருதானா?"

எங்கள் அப்பா லாரி ஓட்டினார். கடைசிப் பத்து வருடம் பைனான்ஸில் எடுத்த சொந்த லாரி. லாரிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு புரியும். பள்ளிக்கூட ஃபீஸ், தோடு, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு உருள்வது அந்த டயர்தான். அம்மா பால் பணத்தில் மிச்சம் பிடித்ததை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ராகி டின்னுக்குள் புதைத்து வைத்திருப்பார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எதற்காகச் சேர்க்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் அவசரம் வந்தால் எடுப்பதற்கு என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவசரம் எப்போதும் வந்துகொண்டே இருந்தது.

படம் முடிந்து மகள் தூங்கிய பிறகு, அம்மா கடலைத் தொலியைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டார்: "சின்னதுல அந்தப் புள்ள அத்தன வாய் பேசுச்சு. கண்ணாலம் ஆனதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசலயே, ஏங் கண்ணு?"

"அந்த இடத்துல யாருமே பேச மாட்டாங்கம்மா. வெறும் பாட்டுதான்."

"அவன் அதுக்கப்புறம் படம் பூரா பேசுறானே."

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்தப் பகுதியை மட்டும் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அம்மா சொன்னது சரி. எல்லி பேசுவது சிறுமியாக இருக்கும்போது மட்டும்தான். வளர்ந்த எல்லிக்குப் படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. அவள் சிரிக்கிறாள், சுவருக்கு வண்ணம் அடிக்கிறாள், வருடக்கணக்கில் கணவனுக்கு டை கட்டிவிடுகிறாள், சாகிறாள். ஐந்து முறை பார்த்து அழுத நான் இதைக் கவனிக்கவே இல்லை. பெண்ணியம் படித்தவள், வகுப்பில் படங்களைப் பற்றிப் பேசுகிறவள். ஐந்து முறையும் நான் அழுதது கார்லுக்காக.

பெரியவர்களை ஒரு பொம்மைப் படம் ஏன் அழவைக்கிறது என்று அதன் பிறகு நிறைய யோசித்தேன். முதல் காரணம் கோடுகள். முகம் எவ்வளவு எளிமையாக வரையப்படுகிறதோ, அவ்வளவு பேர் அதில் தங்களைப் பார்க்க முடியும் என்று சித்திரக்கதைகளைப் பற்றி ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் ஒரு புத்தகத்தில் விளக்கினார். கார்ல் சதுரமாக இருக்கிறான், எல்லி வட்டமாக இருக்கிறாள். அவர்களின் நாற்காலிகள்கூட அப்படித்தான். நடிகையின் முகம் என்றால் அது அவளுடைய முகம். வட்டம் என்றால் அதில் புதுச்சத்திரத்துப் பால்காரம்மாவும் உட்காரலாம்.

இரண்டாவது காரணம் பொருள்கள். அழுகையை மூட்டுவது வசனம் இல்லை. ஜாடி, டை, நாற்காலி. காலம் போவதை அவைதான் காட்டுகின்றன. குழந்தைகளுக்கு ஜாடி என்பது ஜாடி. ஒருமுறையாவது எதையாவது உடைத்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்தவர்களுக்கு அது வேறு. என் மகளும் என் அம்மாவும் ஒரே திரையில் வேறு வேறு படம் பார்த்தது இதனால்தான்.

ஆனால் இவை மட்டும் போதாது. அழவைத்துவிட்டு மறந்துபோகும் படங்கள் எத்தனையோ. இது நெஞ்சில் தங்குவதற்குக் காரணம், நாம் முடிந்துவிட்டது என்று மூடிவைத்த ஒரு கணக்கை இது திறந்துவிடுவதுதான். யார் யாருக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி என்ற கணக்கு. கார்ல் கொடுக்க வேண்டியவன். நான் அவனோடு சேர்ந்து அழுதேன் என்றால், நானும் கொடுக்க வேண்டியவள்.

அன்று மாலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: "அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்ல எதுக்கும்மா காசு சேத்த?"

அம்மா கிழக்கே கை காட்டினார். வானம் தெளிந்திருந்தால் எங்கள் களத்திலிருந்து கொல்லிமலை தெரியும். "ஆகாய கங்கை பாக்கோணும்னு."

அம்மா பிறந்தது சேந்தமங்கலம் பக்கம், மலையடிவாரம். சந்தைக்குப் பலாவும் மிளகும் கொண்டுவரும் மலைக்காரப் பெண்கள் அந்த அருவியைப் பற்றிச் சொல்வார்களாம். முந்நூறு அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழும், பக்கத்தில் போனாலே நனைந்துவிடுவோம் என்று. கல்யாணத்துக்கு முன்னால் வயசுப் பெண்ணை மலைக்கு அனுப்பமாட்டார்கள். கல்யாணத்துக்குப் பின்னால் மாடு, லாரி, நாங்கள்.

எல்லியின் அருவி வேறொரு கண்டத்தில் இருந்தது. அம்மாவின் அருவி அறுபது, எழுபது கிலோமீட்டரில். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத் திரும்பிவிடலாம். அப்பா எத்தனையோ முறை லாரியில் வடநாடு போய் வந்தார். தூரமோ காசோ மட்டும் தடையாக இருந்திருந்தால் அம்மா என்றைக்கோ போயிருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2003-இல் கல்லூரிச் சுற்றுலாவில் நான் ஆகாய கங்கைக்குப் போயிருக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய் நனைந்தோம். திரும்பி வந்ததும் அம்மா, "தண்ணி சில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியைத் துவைக்கப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். சுற்றுலாவுக்குக் கட்டிய இருநூறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. அப்பாவின் டயரைக் குறைசொல்லி எழுதுவது எனக்குச் சுலபம். பாட்டிலைத் திறந்தவர்களின் வரிசையில் நானும் இருக்கிறேன்.

'அப்' படத்தின் முடிவுப் பகுதியில் கார்ல் எல்லியின் நோட்டைத் திறக்கிறான். அவள் செய்ய நினைத்தவற்றுக்கான பக்கங்கள் காலியாக இருக்கும் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான். காலியாக இல்லை. அவர்களின் சாதாரண நாட்களின் புகைப்படங்களை அவள் ஒட்டிவைத்திருக்கிறாள். இதுவே எனக்குப் பயணமாக இருந்தது, நீ புதிதாக ஒன்றுக்குக் கிளம்பு என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறாள். உலகமே அழுத இடம் அது. இப்போது அதைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு மனம். ஒன்று, அது உண்மையாகவும் இருக்கலாம். வாழ்ந்த வாழ்க்கையை ஒரு பெண் விரும்பக் கூடாதா என்ன? இன்னொன்று, கடனைத் தள்ளுபடி செய்யும் கையெழுத்தையும் அவளிடமிருந்தே வாங்கிவிடுகிறார்கள். அதுவும் அவள் இறந்த பிறகு.

அம்மாவிடம் கேட்டபோது அவர் கார்லைக் குறைசொல்லவில்லை. "நல்ல மனுசன்தான். ஆனா அவன் செத்து அவ இருந்திருந்தா, ஊட்டப் பறக்கவுட்டுட்டு இருந்திருக்க மாட்டா. வித்துப்போட்டுப் பஸ் ஏறியிருப்பா."

அப்பா 2014-இல் போய்விட்டார். எங்கள் வீட்டில் மிஞ்சியது எல்லிதான். ஆனால் அவர் பஸ் ஏறவில்லை. தாலி அறுத்தவள் ஊர் சுற்றுகிறாள் என்று பேச ஊர் இருந்தது. மாடு இருந்தது. கேட்காத மகளும் இருந்தாள்.

இந்தப் படங்களை யார் எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். பிக்ஸாரின் முதல் பன்னிரண்டு படங்களில் ஒன்றுக்குக்கூடப் பெண் மையப் பாத்திரம் இல்லை. பதின்மூன்றாவதான 'பிரேவ்' 2012-இல் வந்தது, ஒரு தாயும் மகளும் மோதிக்கொள்ளும் கதை. தன் மகளோடு இருந்த உறவிலிருந்து அதை உருவாக்கிய பிரெண்டா சாப்மன் பாதியிலேயே இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நிறுவனத்தில் ஒரு பெண் தனியாக ஒரு முழுநீளப் படத்தை இயக்கி வெளிவந்தது 2022-இல்தான். டோமி ஷியின் 'டர்னிங் ரெட்'.

அதே ஷி 2018-இல் எடுத்த 'பாவ்' என்ற எட்டு நிமிடக் குறும்படத்தை அந்த மே மாதத்திலேயே அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அதிலும் வசனம் இல்லை. பிள்ளை வீட்டைவிட்டுப் போன ஒரு சீனத் தாய் மாவு பிசைந்து கொழுக்கட்டை போல ஒன்றைச் செய்கிறாள். அது உயிர்பெற்றுக் குழந்தையாகிறது, வளர்கிறது, காதலியோடு கிளம்புகிறது. போகவிடாமல் இழுக்கும் வேகத்தில் தாய் அதை வாயில் போட்டு விழுங்கிவிடுகிறாள். மாவு செய்யும் விதத்தைக் காட்டிக்கொடுக்க ஷி தன் அம்மாவையே ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தாராம்.

மகள் "ஐயோ!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். "நீ மெட்ராசுக்குப் போறேன்னு பொட்டி கட்டுனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. முழுங்கிப்போடலாம்னு."

பதினைந்து வருடமாக அம்மா என்னிடம் சொல்லாதது அது. மாவு பிசையும் கைகளைப் பார்த்ததும் சொல்ல வந்துவிட்டது. அந்தத் தாய்க்கும் பேச்சு இல்லை. ஆனால் அவள் கோபப்படுகிறாள், தப்புச் செய்கிறாள், அதற்காக அழுகிறாள். கதை அவளை விட்டு நகர்வதே இல்லை. பேசாமல் இருப்பதிலும் இரண்டு வகை உண்டு போலிருக்கிறது.

ஊரடங்கெல்லாம் முடிந்து 2022-இல் மூவரும் கொல்லிமலைக்குப் போனோம். மலைப்பாதையில் எழுபது கொண்டைஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அம்மாவும் பேத்தியும் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார்கள். முப்பதைத் தாண்டியதும் அம்மா ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட எண்ணைப் பேத்தியிடம் கேட்டு மறுபடி எண்ணினார்.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் படி தொடங்குகிறது. அம்மாவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இருநூறு படி வரை இறங்கிவிட்டு, "இதுக்கு மேல முடியாது சாமி" என்று உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். மகளை மட்டும், கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு அனுப்பிவைத்தோம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் தலை சொட்டச் சொட்ட மேலே வந்தாள். அம்மா முந்தானையால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி சில்லுனு இருந்துச்சா?" என்று கேட்டார்.

இந்த முறை நான் தூங்கப் போகவில்லை. "முட்டி வைத்தியம் பாத்துட்டு அடுத்த வருசம் மறுபடி வரலாம்மா" என்றேன்.

"வரலாம்" என்றார் அம்மா. "மாட்ட ஆரு பாத்துக்கறதுன்னு மட்டும் இப்பவே சொல்லிப்போடு."