பால்மரத்தின் தொட்டிலில் ஒரு குட்டைப் பூ

லண்டன் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கியூ பூங்காவைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். நம் பால்மரத்தின் தாய்வீடு பிரேசில் என்றால், அதன் தொட்டில் கியூதான். 1876இல் வந்திறங்கிய விதைகள் அங்கே கண்ணாடிக் கூடத்தின் வெப்பத்தில் முளைத்தன. மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன.

அதே பூங்காவில், 1882இல் அமைத்த பாறைத் தோட்டம் ஒன்றும் உண்டு. உயர்ந்த மலைகளில் வளரும் செடிகளுக்கென்றே அமைந்த இடம் அது. ஆல்ப்ஸ் மலை டெய்சி அத்தகைய செடிதான். ஒரு சாண் உயரம். ஊதா இதழ்கள், நடுவே மஞ்சள். பனிக்கு அது அஞ்சாது. மலையில் பனிதான் அதற்குப் போர்வை. குளிர்கால மழையில் வேர் ஊறினால்தான் அழுகிவிடும். ஆகவே, இதை வளர்ப்பவர்கள் பாறை இடுக்கில் மணலும் சரளைக்கல்லும் மண்ணோடு கலந்து நடுகிறார்கள். தண்டைச் சுற்றியும் சரளை பரப்புகிறார்கள். உரத்தை அள்ளிக் கொட்டுவதில்லை.

பால்மரக் கன்றுக்கு வெப்பம் வேண்டும். இந்தப் பூவுக்கு வடிகால் வேண்டும். கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம்; நம் பிள்ளைகளோ தோட்டத்தை விட்டுப் பட்டணம் போகிறார்கள். புது மண்ணில் பிழைப்பது செடியின் கையில் மட்டுமா இருக்கிறது? வேருக்கு வேண்டியதை அறிந்து நடுபவர் கையிலும் இருக்கிறது அல்லவா?