மிஷினுக்கும் பேர் வெட்டணும்

பாத்திரக்கடையில சொம்பு வாங்கினாக்கூட "பேர் வெட்டணுங்களா?"ன்னு கேக்கறாங்க. விசேஷ வீட்டுக்குப் போன எங்க அம்மாவோட அண்டா இன்னைக்கும் திரும்பி வர்றது அந்த எழுத்தாலதான். ஆனா லட்சக்கணக்குல பணம் போட்டு வாங்கின மிஷினுக்கு நாங்க பேர் வெட்டலைங்க.

எங்க ஊர்ல உழவர் உற்பத்தியாளர் குழு ஒண்ணு இருக்கு. 2017-18ல அரசு ஆரம்பிச்ச கூட்டுப் பண்ணையத் திட்டம்தான். 20 பேர் சேர்ந்து ஒரு ஆர்வலர் குழு, அப்படி அஞ்சு குழு, மொத்தம் 100 விவசாயிங்க. மிஷின் வாங்க 5 லட்சம் ரூபாய் குடுத்தாங்க. பவர் வீடர், பேட்டரி ஸ்ப்ரேயர், தார்ப்பாய்னு வாங்கிப் போட்டோம். டவுன்ல ஸ்டிக்கர் அடிச்சு எல்லாத்துலயும் ஒட்டியாச்சு. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஐப்பசி மழை விட்டதும் எண்ணிப் பார்த்தா ஆறு ஸ்ப்ரேயர்ல ஒண்ணைக் காணோம். அதே கலர், அதே கம்பெனி ஸ்ப்ரேயர் ஒண்ணு உறுப்பினர் ஒருத்தர் வீட்டுத் திண்ணையில இருந்துச்சு. அவர் சொந்தக் காசுல வாங்கினதுன்னார், பில்லு இல்லை. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணா, இது நம்ம குழுவோடது இல்லீங்களா?"ன்னு கேட்டது நான்தான்.

"ஏப்பா, என்னைத் திருடன்ங்கறயா?"

துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நாலு மாசம் எங்கூடப் பேசலை. எங்க கிணத்து மேட்டைத் தாண்டித்தான் அவர் தோட்டத்துக்குப் போகணும். தலையைக் குனிஞ்சுட்டே போவார்.

மாசியில ஸ்ப்ரேயர் கிடைச்சுது. யாரோ பேட்டரி பார்க்கச் சொல்லி மெக்கானிக் கடையில குடுத்துட்டு மறந்திருக்காங்க. ஸ்டிக்கர் ஒட்டினபடியேதான் இருந்துச்சு, எழுத்துதான் இல்லை. மருந்துத் தண்ணியும் வெயிலும் பட்டு வெள்ளைக் காகிதமா ஆயிருச்சு. யாருதுன்னு தெரியாம அவரும் மூலையில வச்சுட்டார்.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. மார்க்கர் பேனா எழுத்து வெயிலுக்கு நிக்காது. பெயிண்ட் மம்பட்டிக் காம்புல கை பட்டுப் பட்டே தேஞ்சிரும். பசங்க க்யூஆர் கோடு ஒட்டலாம்னாங்க. ஆபீஸ் நாற்காலிக்கு அது சரி, சேத்துல புரள்ற வீடருக்கு ஆகாது. கடைசியா லேத் பட்டறையில அலுமினியத் தகட்டை வெட்டி நம்பர் பஞ்ச்சால அடிச்சு வாங்கினோம். தடவிப் பார்த்தாலே நம்பர் தெரியும்.

தகட்டை எங்க வைக்கிறதுங்கறது தனி வேலை. வீடர்ல ஹேண்டில் சட்டத்துல ரிவெட் அடிச்சோம். பெட்ரோல் டேங்க், சைலன்சர் பக்கம் போகவே கூடாது. ஸ்ப்ரேயர் டேங்க்ல ஓட்டை போட்டா ஒழுகும், அதனால பட்டை மாட்டுற கொக்கியில கம்பி போட்டுக் கட்டியாச்சு. கழட்டணும்னு நினைக்கிறவன் கழட்டிருவான்தான். ஆனா எங்க ஊர்ல திருட்டை விட மறதிதான் ஜாஸ்தி.

ஒரு கூத்தும் நடந்துச்சு. பஞ்ச் செட்ல 6க்கும் 9க்கும் ஒரே அச்சுதான், திருப்பிப் பிடிச்சு அடிக்கணும். தொங்குற தகடு திரும்பினா ஆறு ஒன்பதாயிரும். ரெண்டு நாள் கணக்கு உதைச்சுது. அப்புறம் 06, 09னு மறுபடி அடிச்சோம். தலைகீழாப் பார்த்தா 90, 60. அந்த நம்பர்ல எங்ககிட்ட மிஷினே இல்லை.

நம்பர் மட்டும் இருந்தாலும் பிரயோஜனமில்லை. மாட்டுக் காதுல மாட்டுற மஞ்சள் தோட்டுல 12 இலக்க எண் இருக்கே, அது எந்த மாடு, யாரோட மாடுன்னு பதிஞ்சு வச்சாத்தானே அதுக்கு அர்த்தம்? நாங்களும் நோட்டுப் போட்டோம். எங்க நம்பர், பக்கத்துல கம்பெனிக்காரன் இன்ஜின்ல அடிச்ச நம்பர், எடுத்தவர் பேர், தேதி. நாளைக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தா அந்த இன்ஜின் நம்பர்தான் பேசும்.

தகடு அடிச்ச அன்னைக்கு அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலை. அவரே உள்ள போய் ஸ்ப்ரேயரைத் தூக்கிட்டு வந்து முன்னால வச்சார். "இதுலயும் ஒண்ணு அடிச்சுக் குடு. நம்பர் வேண்டாம், என் பேரை அடி"ன்னார். லேத்துல எழுத்து பஞ்ச் இல்லை. பாத்திரக்கடைக்குக் கொண்டு போய் ஒரு தகட்டுல பேர் வெட்டி வாங்கிக் குடுத்தேன்.

தார்ப்பாய்க்குத்தான் இன்னும் வழி தெரியலை. பெயிண்ட் அடிச்சா மடிக்கிற இடத்துல உரிஞ்சுருது. நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க.