ஈயம்... பித்தளை... பேரீச்சம்பழம்!

திங்கள் முதல் வெள்ளி வரை ஃபைல். ஞாயிறு விடிந்தால் கோவளம் பாறை, கையில் தூண்டில். கொடுவா பிடிக்கும் கனவோடு போய், வெறுங்கையோடு திரும்பி, வழியில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு போய், "பிடிச்சேன்" என்று மனைவியிடம் நீட்டுகிற ஆசாமி நான்.

"கடல்லயே துண்டு போட்டுத்தான் விடறாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் எறிவது ஜிக். கழுத்தில் ஈயக்குண்டு வார்த்த முள். விர்ரென்று போய் அடியைத் தொடும். மீன் கவ்வுகிறதோ இல்லையோ, பாறை கவ்விக்கொள்ளும். ஒரு காலையில் நாலு ஜிக் போனால் முன்னூறு ரூபாய் அவுட்! நாமே வார்த்தால் என்ன?

காயலான் கடையில், கார் சக்கரத்தில் மாட்டுகிற பழைய ஈயக்கட்டைகள் ஒரு கிலோ வாங்கினேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக அச்சு. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போன நேரம், கேஸ் அடுப்பில் இரும்புக் கரண்டியை வைத்தேன். ஈயம் 327 டிகிரியில் உருகும். வெள்ளி மாதிரி தளதளவென்று நின்றது. முள்ளை வைத்து அச்சை மூடி, ஊற்றினேன்.

டப்!

அச்சு வெளியேதான் காய்ந்திருந்தது. உள்ளே இருந்த ஈரம் ஆவியாகி, ஈயத்தைத் தூக்கி என் முகத்திலேயே அடித்தது. மூக்குக்கண்ணாடியில் ரெண்டு சொட்டு. கண்ணாடி மட்டும் இல்லையென்றால், இதை நான் சொல்லச் சொல்ல வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும்.

புத்தி வந்ததா? அச்சை நாலு நாள் வெயிலில் காயவைத்து, தணலருகே சூடாக்கி மறுபடி வார்த்தேன். பன்னிரண்டு ஜிக்! அலமாரி உச்சியில் அடுக்கிவிட்டு, வெட்டிய ஈயக் காம்புகளைத் தட்டோடு தரையில் மறந்தேன்.

சாயங்காலம் பையனுக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. ரெண்டு வயசு.

"வாயில என்னடா?"

"மித்தாய்."

டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். "குழந்தைக்கு ஈயம் மூளையைப் பாதிக்கும் சார். இவ்வளவு வரை பரவாயில்லைன்னு ஒரு அளவே கிடையாது. 2000-லயே நம்ம பெட்ரோல்ல இருந்து ஈயத்தை எடுத்தாச்சு. நீங்க சமையல்கட்டுல உருக்கறீங்க!" ரிப்போர்ட் வர நாலு நாள். நான் தூங்கவில்லை. மனைவி பேசவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபோது, ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "ஏன்டா, ஈயச் சொம்புல ரசம் வச்சுத்தானே உன்னை வளர்த்தேன்?"

"அசல் ஈயச் சொம்பு வெள்ளீயம்மா. இது காரீயம். பேர்தான் ஒண்ணு, உலோகம் வேற."

"அதானே பார்த்தேன்! ரசத்தால மட்டும் நீ இப்படி ஆகியிருக்க முடியாது."

கரண்டி, அச்சு எல்லாம் வீட்டைவிட்டுப் போயாச்சு. மிச்ச ஈயத்தைக் காயலான் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பேரீச்சம்பழம் கேட்டதற்கு முறைத்தார்.

இப்போதும் கோவளம் போகிறேன். ஜிக் கடையில்தான். அதுவும் ஈயம்தானே? வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பையனைத் தூக்குவதில்லை.

போன வாரம் மனைவி, "மீன்?" என்றாள்.

"இந்தத் தடவை முழு வஞ்சிரம்!" என்றேன் பெருமையாக. "துண்டு போடாமதான் வாங்கினேன்!"